நான்காவது கணு

முதலில் காபியைத்தான் குற்றம் சொன்னார்கள்.

கேன்டீனில் காபியை நிறுத்திவிட்டுச் சுக்குமல்லி ஊற்றினார்கள். விரல் துடிப்பது நிற்கவில்லை. அடுத்து தூக்கம். ஹாஸ்டலில் ஒன்பதரைக்கே இணையத்தை வெட்டினார்கள். பெண்கள் வார்டனோடு சண்டை போட்டார்கள், பையன்கள் மாடியில் ஏறிப் பக்கத்துக் கம்பெனியின் இணைப்பைத் திருடினார்கள். விரல் துடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் இரத்தம் எடுத்தார்கள். இருபத்தேழு பேரில் நான்கு பேருக்கு இரத்தச் சோகை, ஒருத்தனுக்குத் தைராய்டு. மற்ற இருபத்திரண்டு பேருக்கும் எல்லா எண்ணும் சரியாக இருந்தது.

எல்லாரும் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள். எல்லாரும் புதிய லைனில் பனியன் செக்கிங். எல்லாருக்கும் துடித்தது இடது கைக் கட்டைவிரல்.

இருபத்தெட்டாவது கை ஒன்றும் இருந்தது. அது கிருபாகரனின் பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை மேனேஜர் முத்துரத்தினம் அவனைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"ஏனப்பா கிருபா, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுரு. கையுறையில எந்தக் கோளாறும் இல்லைன்னு. அவ்ளோதான்."

"இருபத்தேழு பேர் என்னாகறதுங்க?"

"வேலைக்கு உடம்பு தோதில்லைன்னு போட்டு வெள்ளிக்கிழமை ஊருக்கு அனுப்பிரலாம். திங்கக்கிழமை பையர் ஆடிட்டு, ஆர்டர் குடுக்கறவனே நேர்ல வர்றான். அவன் வந்து நிக்கறப்ப இத்தனை கை துடிச்சா என்ன நினைப்பான்? சாமி வந்துருச்சுன்னு கும்புடுவானா?"

கிருபாகரன் சிரிக்கவில்லை. அவன் சிரித்து ஒரு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. முத்துரத்தினத்துக்கும் அது தெரியும். அவர் தாளை அவன் பக்கம் நகர்த்திவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்குள்ள குடு."

உறைகளுக்கு அவன்தான் பொறுப்பு. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு இந்தக் கம்பெனிக்கு வந்தவன். துணியில் ஓட்டை பார்க்கக் காமிராக்கள் வந்து பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் பனியன் துணி காமிராவுக்கு அடங்கவில்லை. அதை இழுத்துப் பார்க்க வேண்டும், தோளில் விரலை விட்டுத் தையலைத் தடவ வேண்டும், பிசிரைக் கிள்ள வேண்டும். கைதான் வேண்டும். அந்தக் கை பழக ஒரு வருடம் பிடித்தது. பழகியதும் ஆட்கள் வேறு கம்பெனிக்குப் போனார்கள்.

அதற்குத்தான் உறை. முழங்கை வரை வரும் மெல்லிய கையுறை, உள்ளே நரம்பு போல ஓடும் கம்பிகள். நன்றாக வேலை தெரிந்த ஒருவரின் கையசைவை அதில் பதிந்துவிடலாம். புது ஆள் அணிந்துகொண்டால் கம்பிகள் சின்னச் சின்னதாகத் தசையைச் சுண்டி, பதிந்த கை போன வழியில் அவர்கள் விரலைக் கொண்டுபோகும். மூன்றே நாளில் புதுப்பெண் ஒரு ஷிஃப்டுக்கு எண்ணூறு பீஸ் தள்ளினாள். லைனில் உறைக்குப் பெயரே 'அக்கா'. "அக்காவைப் போட்டுட்டியாடி?", "எங்க அக்கா இன்னைக்கு மெதுவா போறாடா" என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள். பதிந்தது ஒரு பெண்ணின் கை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

அது கிருபாகரனின் மனைவி அனுசுயாவின் கை.

செக்கிங்கில் அவளை அடிக்க ஆளில்லை. பதிவுக்கு அவளைத்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னவன் கிருபாகரன். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. உட்கார நாற்காலி கொடுத்தார்கள். ஒன்பது நாள் பதிந்தார்கள். பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்றார்கள். பன்னிரண்டாம் நாள் அவளும் இல்லை. பிரஷர் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை அவன் இன்னும் மடித்தே வைத்திருந்தான்.

தினமும் ஷிஃப்ட் முடிந்து லைன் காலியான பிறகு, ஆறு மணிக்கு, சோதனை செய்வதாகச் சொல்லி ஒரு உறையை அவன் அணிந்துகொள்வான். முன்னால் துணி எதுவும் இருக்காது. கை தானாக விரியும், மடிக்கும், தடவும், கிள்ளும். அரை மணி நேரம். பிறகு கழற்றி, துடைத்து, வரிசையில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவான். அவன் உடம்பில் உயிரோடு இருந்தது அந்த அரை மணி நேரம் மட்டும்தான் என்று சொல்லலாம்.

அதனால் உறையில் கோளாறு இருக்கக்கூடாது. கோளாறு என்றால் அழிக்கச் சொல்வார்கள்.

பகல் இரண்டு மணிக்குக் கனிஷ்கா வந்தாள். தாராபுரத்துப் பெண், இருபத்தொரு வயது, பதினான்காம் டேபிள். கதவை ஒரு விரலால் தட்டிவிட்டு உள்ளே வந்து நின்றாள்.

"அண்ணா, வெள்ளிக்கிழமை எங்களையெல்லாம் அனுப்பறாங்களாமா?"

"யார் சொன்னது?"

"கேன்டீன்ல பருப்புக்கே தெரியுது." உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்தாள். "உடம்பு தோதில்லைன்னு மட்டும் எழுதிராதீங்கண்ணா. போன ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. காபித் தட்டு புடிச்சுட்டு நிக்கறேன், விரல் பாட்டுக்கு ஆடுது. மாப்பிள்ளையோட அம்மா எங்கம்மாவைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, பொண்ணுக்கு வலிப்புங்களான்னு கேட்டிருக்குது. இப்பக் கம்பெனியே தாள்ல எழுதிக் குடுத்தா, அவ்ளோதான். இந்த ஊர்ல செக்கிங் வேலையும் கிடைக்காது, கல்யாணமும் நடக்காது."

"டாக்டர் எழுதறதுதான். நான் எழுதறது இல்ல."

"நீங்க உறை நல்லா இருக்குன்னு எழுதினா, அப்பத் தப்பு எங்க கையிலதானங்கண்ணா?"

கிருபாகரன் மேசை மேல் கிடந்த தாள் மீது ஒரு ஸ்பேனரை எடுத்து வைத்தான்.

"சும்மா துடிக்கலீங்கண்ணா இது." கனிஷ்கா இடது கையை மேசை மேல் மல்லாத்தி வைத்தாள். "பாருங்க. நாங்க ஹாஸ்டல்ல வட்டமா உக்காந்து பாத்தோம். இருபத்தேழு பேருக்கும் ஒரே மாதிரி. சுண்டுவிரல் அடிக்கணு. அப்பறம் நடுக்கணு. அப்பறம் மேல் கணு. அப்பறம் மோதிர விரலுக்கு வரும். அடிக்கணு. அங்கயே அமுக்கிட்டு நின்னுரும்."

அவள் சொல்லச் சொல்லக் கட்டைவிரல் போனது. ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு. மூன்று. நான்கு. நான்காவதில் நின்று அழுத்தியது. நகம் வெளுத்தது.

"இதானுங்க ரொம்பக் கஷ்டம். துடிக்கறது கூடப் பரவால்ல. இப்படி நிக்கறப்ப நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது. ஏதோ வரணும், வரல. பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி. போன் வரும்னு உக்காந்திருக்கற மாதிரி. சோறு எறங்க மாட்டேங்குது. எல்லாருக்குமே அப்படித்தான். முருகவேலு ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுக் கேட்டை எட்டிப் பாக்கறானாமா. யாரு வரணும்னு கேட்டா தெரியலங்கறான்."

கிருபாகரனின் பாக்கெட்டுக்குள் அவன் கட்டைவிரல் மோதிரத்தின் மேல் அழுத்திக்கொண்டிருந்தது. மோதிரத்தைத் தொடும் பழக்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். அந்தப் பதைப்பைத் துக்கம் என்று நினைத்திருந்தான்.

"அந்த அக்கா என்னத்தைங்கண்ணா எண்ணுனாங்க?"

"பீஸ்," என்றான். "பழைய செக்கிங் ஆளுக கணுவுல பீஸ் எண்ணுவாங்க. மெஷின் எண்ணினாலும் கை எண்ணும். பழக்கம்."

"பீஸ் இல்லீங்க. பீஸ் கடகடன்னு போகுது. இது வேற கணக்குல போகுது. நாப்பது பீஸுக்கு ஒண்ணு, சிலசமயம் நூறுக்கு ஒண்ணு."

"எனக்குத் தெரியாதா?" அவன் குரல் உயர்ந்தது. அவனுக்கே அது புதிதாக இருந்தது. "போய் வேலையைப் பாரும்மா."

அவள் எழுந்தாள். கதவருகில் நின்று, "நீங்க வலது கையிலயே எல்லாம் எடுக்கறீங்கண்ணா," என்றாள். "ஸ்பேனரைக் கூட. இடது கை பாக்கெட்டுலயே இருக்குது."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை தாளோடு அவன் முத்துரத்தினத்திடம் போகவில்லை. கனிஷ்காவை அழைத்துக்கொண்டு கம்பெனி டாக்டர் ஷகிலா பானுவிடம் போனான். கையில் பதிவுகள் இருந்த பெட்டி. ஷகிலா பானு அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே தலைவலி மாத்திரையும் தையல் ஊசிக் காயமும்தான்.

"வா தம்பி. நான் எழுதின காரணமெல்லாம் தோத்துப் போச்சு. காபி, தூக்கம், போன், டென்ஷன், தைராய்டு, உப்புச்சத்து. இனி எழுதறதுக்குப் பேய்தான் பாக்கி."

கனிஷ்காவின் கையை வாங்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அழுத்தம். பிறகு மறுபடி முதலில் இருந்து.

"மத்த லைன் பிள்ளைகளுக்கு இது ஏன் வரல?"

"அவங்க உறையில முதல் எட்டு நாள் பதிவு இருக்குங்க. புது லைனுக்கு ஒன்பதாம் நாள் பதிவை மட்டும் போட்டோம். அன்னைக்குத்தான் வேகம் அதிகம்."

"அந்த எட்டு நாள்லயும் கை எண்ணுதா?"

பெட்டியைத் திறந்து திரையில் காட்டினான். முதல் நாள். கையின் அசைவு கோடு கோடாக ஓடியது. கட்டைவிரல் சுண்டுவிரலில் ஏறி, மோதிர விரல், நடுவிரல் முடித்து, ஆள்காட்டி விரலின் அடிக்கணுவைத் தொட்டது. தொட்டதும் உள்ளங்கை பூப்போல விரிந்தது. அதன் பிறகு அன்று முழுக்க எண்ணவில்லை.

"பத்து," என்றார் டாக்டர். "பத்துல முடிஞ்சு கை விரிஞ்சிருச்சு. அதான் அவங்களுக்குப் பிரச்சினை இல்ல. முடிஞ்ச வேலையை உடம்பு விட்டுரும். முடியாததைத்தான் தூக்கிட்டுத் திரியும்." கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, ஒரு கட்டுல எத்தனை பீஸ் கட்டுவீங்க?"

"டஜன். பன்னிரண்டு."

"விரலுக்கு மூணு, நாலு விரலுக்குப் பன்னிரண்டு. டஜன் எண்ணறதுக்குன்னே வச்ச கை. அப்ப ஏன் பத்துல நிறுத்தணும்?"

அவனுக்குத் தெரியவில்லை. உண்மையில் அந்தக் கேள்வியே அவனுக்கு இதுவரை தோன்றியதில்லை. பதிவைச் சுத்தம் செய்தவன் அவன்தான். தும்மல், முடி ஒதுக்குவது, வளையலைத் தள்ளுவது என்று வேண்டாத அசைவுகளை எல்லாம் ஒன்றொன்றாக வெட்டி எடுத்தவன். கட்டைவிரல் கணுவில் ஏறுவதைப் பார்த்து, 'பீஸ் எண்ணும் பழக்கம். நீக்க வேண்டாம்' என்று குறிப்பு எழுதியவனும் அவன்தான். பன்னிரண்டு வருகிறதா என்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஷகிலா பானு கனிஷ்காவைப் பார்த்தார். "கண்ணு, வெளியில நர்ஸுகிட்டப் பிரஷர் பாத்துட்டு வா."

அவள் போன பிறகு கேட்டார்.

"இது யாரு கை?"

"என் மனைவி."

"அப்ப மாசமா இருந்தாளா?"

அவன் தலையாட்டினான்.

"நாங்கதான் சொல்லி அனுப்புவோம், தம்பி. ஏழாம் மாசத்துக்கு மேல தினமும் எண்ணுன்னு. ரெண்டு மணி நேரத்துக்குள்ள குழந்தை பத்துத் தடவை அசையணும். பத்து வந்தா நிம்மதியா வேலையைப் பாரு. வரலேன்னா எதையும் பாக்காம கிளம்பி வந்துரு." நிறுத்தினார். "படுத்துட்டு எண்ணச் சொல்லுவோம். இவ வேலை பாத்துக்கிட்டே எண்ணியிருக்கா."

கிருபாகரன் திரையில் நாட்களைத் தள்ளினான். முதல் நாள் பத்து வர இருபது நிமிடம். மூன்றாம் நாள் முப்பத்தைந்து. ஆறாம் நாள் ஒரு மணி. எட்டாம் நாள் இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்பதாம் நாள் ஒன்று. இரண்டு. மூன்று. மதியத்துக்குப் பிறகு நான்கு. அதன் பின் கட்டைவிரல் மோதிர விரலை விட்டு எடுக்கவே இல்லை. மற்ற விரல்கள் மட்டும் வேகமாக, இன்னும் வேகமாகத் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தன. சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்ற வேகம். அதைத்தான் திறமை என்று எடுத்துப் புதிய லைனுக்குப் போட்டிருந்தார்கள்.

அந்த ஒன்பதாம் நாள் காலை வண்டியில் வரும்போது அனுசுயா, "என்னமோ இன்னைக்குக் கம்மியா இருக்குதுங்க," என்றாள்.

"இன்னைக்கு ஒரு நாள் தானே அனு. முடிச்சிரு. நாளைக்குக் காலையில போயிக்கலாம்."

"சரிங்க," என்றாள்.

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது டாக்டரிடம் சொன்னான். அவர் மேசை மேல் தன் கையை அவன் பக்கமாக நீட்டி வைத்தார். தொடவில்லை.

அவனே கேட்டான். "கட்டைவிரல் அசைவைப் பதிவுல இருந்து வெட்டிரட்டுங்களா?"

"புதுசா போடறவங்களுக்கு வராது. இந்தப் பிள்ளைகளுக்குப் போகாது. கத்துக்கிட்ட கை அது. கத்துக்கிட்டதை முடிச்சு வைக்கணும். நாலுக்கு அப்புறம் அஞ்சு, ஆறு, பத்து வரைக்கும் கொண்டுபோயி விரிச்சு விட்டுட்டா, ஒருவேளை அடங்கும்."

"வராததை எப்படிங்க எண்ணறது?"

"பொய்தான் தம்பி. மனசுக்குப் பொய் தெரியும். கைக்குத் தெரியாது."

கிருபாகரன் எழுதிக்கொண்டுபோன புதிய தாளை முத்துரத்தினம் படித்தார். மறுபடி படித்தார்.

"கோளாறு உறையிலன்னு எழுதியிருக்கற. கீழ உன் பேரையும் எழுதியிருக்கற. கிறுக்குப் புடிச்சிருச்சாப்பா? ஆளுக்கு உடம்பு சரியில்லைன்னா அது ஒரு தாளு. மெஷினு சரியில்லைன்னா ஆர்டரே போயிரும்."

"தெரியுங்க."

"ஒன்பதாம் நாள் பதிவை எல்லா உறையிலயும் அழிக்கணும்னு வேற போட்டிருக்கற. அதுதானப்பா நம்ம வேகமே." குரலைத் தாழ்த்தினார். "அது உங்க வீட்டம்மா கை. அழிச்சா அவ்ளோதான். திரும்ப எடுக்க முடியாது. யோசிச்சியா?"

"பிள்ளைக யாரையும் அனுப்ப வேண்டாம். எனக்குத் திங்கக்கிழமை வரைக்கும் குடுங்க. ஆடிட்டுல ஒரு கை துடிச்சாலும் தப்பு என்னுதுன்னு நானே பையர்கிட்டச் சொல்றேன்."

முத்துரத்தினம் ஜன்னல் வழியாக லைனைப் பார்த்தார். பேனாவை மூடினார், திறந்தார். "எம்பட மருமக கூட ஆறு மாசம்," என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். பிறகு தாளை மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டு, "போ. முடி," என்றார்.

வெள்ளி காலை பதிவு அறையில் உட்கார்ந்தான். இடது கையைப் பாக்கெட்டில் இருந்து எடுத்தான். உறைக்குள் விட்டான். அனுசுயாவின் கை வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நின்றது. அந்த இடத்தில் பதியும் பொத்தானை அழுத்தினான்.

மோதிர விரலின் நடுக்கணு. ஐந்து. முதலில் பதிந்ததை வெட்டிவிட்டு மறுபடி பதிந்தான். மேல் கணு, ஆறு. நடுவிரலில் ஏழு, எட்டு, ஒன்பது. அவசரப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு குழந்தை புரண்டு படுக்கும் நேரம் விட்டான். ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் பத்து. உள்ளங்கையை விரித்தான். முடிந்த பிறகும் விரித்தபடியே வைத்திருந்தான். எவ்வளவு நேரம் என்று திரையில்தான் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

வெள்ளி மதியம், சனி, ஞாயிறு. இருபத்தேழு பேரும் துணியில்லாத டேபிளில் உறையோடு உட்கார்ந்தார்கள். முருகவேல் மூன்றாம் தடவையிலேயே தூங்கிவிட்டான். "எத்தனை நாள் தூக்கமோ," என்று பக்கத்தில் இருந்தவள் அவன் தலைக்கு ஒரு கட்டு பனியனை நகர்த்தி வைத்தாள். ஞாயிறு மாலை எல்லா உறையிலிருந்தும் ஒன்பதாம் நாளை அழித்தான். அழிக்கவா என்று திரை கேட்டது. உறுதியா என்று இன்னொரு தடவை கேட்டது. அவன் இரண்டுக்கும் ஒரே பொத்தானை அழுத்தினான்.

திங்கள் பையர் வந்தான், லைனில் நடந்தான், கழிப்பறையைப் பார்த்தான், தீயணைப்புக் கருவியின் தேதியைப் படித்தான், போனான். லைனில் எந்தக் கையும் துடிக்கவில்லை.

சாயங்காலம் கனிஷ்கா வந்து இடது கையை அவன் முன் மல்லாத்தி வைத்தாள். அசையாமல் கிடந்தது.

"வந்துருச்சுங்கண்ணா," என்றாள். "என்னன்னு தெரியல. ஆனா வந்துருச்சு. நேத்து ரெண்டு தட்டுச் சோறு தின்னேன். மாப்பிள்ளை வீட்டுல இருந்தும் போன் பண்ணுனாங்க. இன்னொருக்கா வர்றாங்களாமா. இந்தத் தடவை நான் காபித் தட்டைக் குடுத்துட்டு எதுக்க உக்காந்து மாப்பிள்ளை கையைப் பாக்கப் போறேன்."

"பாரு."

"இப்பவாச்சும் சொல்லுங்க. அந்த அக்கா என்னத்தை எண்ணுனாங்க?"

அவன் உறைகளை வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தான். வலது கையால்.

"வயித்துல குழந்தை அசையறதை எண்ணியிருக்காங்க. பத்து வரணும்."

கனிஷ்காவின் முகம் மாறியது. தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதற்குள் ஏதோ இருப்பது போலப் பார்த்தாள்.

"வந்துச்சுங்களாண்ணா? பத்து?"

"வந்துச்சு."

"அப்ப நல்லா இருக்காங்க."

"ம்."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். மணி ஆறு. லைன் காலியாகிவிட்டது. கிருபாகரன் ஒரு உறையை எடுத்து, பிறகு மாட்டிவிட்டான். அதில் இப்போது வேறு நாட்கள்தான் இருந்தன. பத்து வந்த நாட்கள்.

மூன்று நாளும் அவனும் அவர்களோடு உட்கார்ந்திருந்தான். எல்லாரையும் விட அதிகத் தடவை அணிந்தவன் அவன்தான். ஐந்து, ஆறு, ஏழு என்று அவன் பதிந்த அசைவே அவன் கையைக் கொண்டுபோனது, விரித்தும் விட்டது. அங்கே உட்கார்ந்தவர்களில் அது பொய் என்று தெரிந்தவனும் அவன்தான்.

இடது கையைப் பாக்கெட்டில் இருந்து வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். கட்டைவிரல் சுண்டுவிரலின் அடியைத் தொட்டது. நடுவே, மேலே. பிறகு மோதிரத்துக்கு வந்தது. வந்து அழுத்தி நின்றது.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்ததற்காகக் காத்திருந்தான்.